வளர்ப்புப் பராமரிப்பில் வரும் சிறு குழந்தையின் மனத்தைக் காப்பது எப்படி? முதல் நாளிலிருந்து விடைகொடுக்கும் நாள் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவின் ஆணையோடு ஒரு குழந்தை உங்கள் வீட்டுக்கு வருகிறது. தாய் நீண்ட நோயில் கிடக்கலாம். தந்தை சிறையில் இருக்கலாம். குடியும் அடிதடியுமாக வீடு வாழத் தகாததாக மாறியிருக்கலாம். காரணம் எதுவானாலும் குழந்தைக்குத் தெரிவது ஒன்றுதான்: நேற்றுவரை பக்கத்தில் இருந்தவர்கள் இன்று இல்லை. சோறு, உடை, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் ஒரு வாரத்தில் ஏற்பாடு செய்துவிடலாம். அந்த இழப்போடு வந்து நிற்கும் மனத்தைப் பார்த்துக்கொள்வதற்குத்தான் பொறுமையும் கொஞ்சம் விவரமும் வேண்டும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மனநலம் பற்றிய பேச்சில் சட்டம் எதற்கு என்று தோன்றும். ஆனால் வளர்ப்புப் பெற்றோர் படும் மனவேதனையில் பாதி, தங்கள் பொறுப்பு எதுவரை என்று தெரியாததால் வருவது. இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015இன் 44ஆம் பிரிவு வளர்ப்புப் பராமரிப்பைப் பற்றியது. இது தத்தெடுப்பு அன்று. பெற்றவர்கள் மீண்டும் வளர்க்கத் தகுதி பெற்றுவிட்டார்கள் என்று நலக்குழு முடிவு செய்தால் குழந்தை அவர்களிடம் திரும்பிப் போகும். இடைப்பட்ட காலத்தில் அவர்கள் வந்து பார்க்கவும் குழு அனுமதிக்கலாம். உடன்பிறந்தவர்களைக் கூடியவரை ஒரே வீட்டில் வைக்க வேண்டும். குழந்தையின் நலனை மாதந்தோறும் ஆய்வு செய்ய வேண்டும். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. 2024இல் திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி திருமணமாகாதவர்கள், துணையை இழந்தவர்கள், மணவிலக்குப் பெற்றவர்கள் ஆகியோரும் இப்பொறுப்பை ஏற்கலாம். தனித்து வாழும் ஆண்களுக்கு மட்டும் ஆண் குழந்தைகளையே ஒப்படைப்பார்கள்.

நம் நாட்டில் இப்படி வீடுகளுக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஆறு வயதைத் தாண்டியவர்கள். ஆகவே சிறு குழந்தை என்று இங்கே நான் சொல்வது ஆறிலிருந்து ஒன்பது, பத்து வயதுவரை உள்ள பிள்ளைகளை. ஆணை எதுவும் இல்லாமல் பேரப்பிள்ளையையோ தங்கை பிள்ளையையோ வைத்து வளர்க்கும் பாட்டிகளுக்கும் பெரியம்மாக்களுக்கும் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

இனி வரும் எல்லாப் படிகளுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றே. அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே ஒரு தாய் இருக்கிறாள், இறந்திருந்தாலும் இருக்கிறாள். அவளுடைய இடத்தைப் பிடிக்கப் போட்டியிடும் வீட்டில் குழந்தை தவித்துப்போகும். அவளுக்கு இடம் விட்டுவைக்கும் வீட்டில்தான் அது மெல்ல மெல்ல உங்களிடமும் ஒட்டும்.

படி 1: குழந்தை வருமுன் கேட்டு வாங்குங்கள்

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வருபவர் படிவங்களிலும் கையெழுத்துகளிலும் மும்முரமாக இருப்பார். அவரை உட்காரவைத்து, ஒரு காபி கொடுத்து, கேளுங்கள். கோப்பில் பிறந்த தேதி இருக்கும், தடுப்பூசி விவரம் இருக்கும், படித்த வகுப்பு இருக்கும். உங்களுக்கு ராத்திரி பத்து மணிக்குத் தேவைப்படும் விவரங்கள் அதில் பெரும்பாலும் இருக்காது.

வீட்டில் இந்தப் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவார்கள்? யார் பக்கத்தில் படுத்துத் தூங்கிப் பழக்கம்? பாயா, கட்டிலா? விளக்கு எரிய வேண்டுமா? எதைச் சாப்பிடும், எதைத் தொடாது? எதைக் கண்டால் நடுங்கும்: சாராய வாடையா, ஆண்களின் உரத்த குரலா, காக்கிச் சட்டையா, கதவைத் தாழிடும் ஓசையா? உடன்பிறந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள், அவர்களோடு பேச வழி உண்டா? யார் வந்து பார்க்கலாம், யார் வரக்கூடாது?

கடைசியாக ஒன்று, என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமானது. வீட்டைவிட்டு ஏன் வந்தோம் என்று குழந்தையிடம் யார், என்ன சொல்லியிருக்கிறார்கள்? "ஊருக்குப் போய்விட்டு வரலாம்" என்றோ "பிஸ்கட் வாங்கித் தருகிறேன் வா" என்றோ ஏமாற்றி அழைத்துவரப்பட்ட பிள்ளைகள் உண்டு. அப்படியானால் உண்மையை எளிய சொற்களில் சொல்லும் பொறுப்பு யாருடையது என்பதை அலுவலரோடு பேசி முடிவு செய்யுங்கள். எல்லோரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

முடிந்தால் குழந்தை தங்கியிருக்கும் குழந்தைகள் இல்லத்துக்கு இரண்டு மூன்று முறை போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள். ஒரு பகல் பொழுதுக்காவது உங்கள் வீட்டுக்கு அழைத்துவர அனுமதி கேளுங்கள். முன்பின் தெரியாத வீட்டில் முதல் இரவைக் கழிப்பது பெரியவர்களுக்கே சிரமம்.

உங்கள் வீட்டாரையும் தயார்செய்ய வேண்டும். உங்கள் சொந்தப் பிள்ளைகளிடம் "தம்பி வரப்போகிறான்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அவன் கத்தலாம், பொம்மையை உடைக்கலாம், ஒருநாள் திரும்பிப் போகலாம் என்பதையும் சொல்லுங்கள். மாமியார், மாமனார், அடிக்கடி வரும் உறவினர் யாராக இருந்தாலும், "என்ன ஆட்கள்?" என்று சாதி கேட்கும் பேச்சு வீட்டு வாசலிலேயே நிற்க வேண்டும். தனித் தட்டு, தனி டம்ளர் என்ற எண்ணம் யாருக்கேனும் ஒரு மூலையில் இருந்தால்கூட இந்தப் பொறுப்பை ஏற்காதீர்கள். குழந்தை அதை முதல் வேளைச் சாப்பாட்டிலேயே கண்டுகொள்ளும்.

படி 2: முதல் நாளைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள்

ஆரத்தி, கேக், தெருவே கூடி வரவேற்பது எதுவும் வேண்டாம். நல்ல மனத்தோடுதான் செய்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு அது வரவு, குழந்தைக்கு அது பிரிவு.

வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள். கழிப்பறை எங்கே, விளக்கின் சுவிட்சு எங்கே, தண்ணீர் எங்கே, நீங்கள் எந்த அறையில் தூங்குவீர்கள், இரவில் பயமாக இருந்தால் எப்படிக் கூப்பிடுவது. இவ்வளவும் தெரிந்தாலே பாதிப் பதற்றம் குறையும். குழந்தைக்கென்று ஓர் இடம் வேண்டும்: அலமாரியில் ஒரு தட்டு போதும், ஆனால் அதில் வேறு யாரும் கைவைக்கக் கூடாது.

குழந்தை கொண்டுவந்த பையை நீங்களாகப் பிரிக்காதீர்கள். அதில் இருக்கும் கிழிந்த சட்டையையும் அழுக்குத் துணியையும் தூக்கி எறியாதீர்கள். உடனே துவைக்கவும் வேண்டாம். அம்மாவின் பழைய புடவைத் துண்டு ஒன்று அதில் இருந்தால், அதில் உள்ள வாசனை உங்களுக்கு அழுக்கு, பிள்ளைக்கு அம்மா. சோப்புத் தூளில் போட்டால் திரும்ப வராது. தலையில் பேன் இருந்தால் இரண்டு நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்களை எப்படிக் கூப்பிடுவது என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். அத்தை, பெரியம்மா, அக்கா, மாமா என்று நம்மிடம் உறவுப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. "இனிமேல் நான்தான் உனக்கு அம்மா" என்று முதல் நாளில் சொல்வது அன்பு போலத் தோன்றும். அதைக் கேட்கும் பிள்ளைக்குச் சொந்த அம்மாவைக் கைவிடச் சொல்வது போலிருக்கும். சில மாதங்கள் கழித்துத் தானாகவே அம்மா என்று அழைத்தால் தடுக்கவும் வேண்டாம், அதைக் கொண்டாடவும் வேண்டாம். இயல்பாக "சொல்லு கண்ணா" என்று திரும்பிப் பாருங்கள்.

தொடுவதற்கு முன் கேளுங்கள். நம் வீடுகளில் பிள்ளையைக் கண்டால் கன்னத்தைக் கிள்ளுவதும் இழுத்து மடியில் போட்டு முத்தமிடுவதும் வழக்கம். தொடுதலால் காயப்பட்டு வந்த குழந்தைக்கு இது அச்சம் தரும். "கட்டிக்கொள்ளலாமா?" என்று கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடுவது, தன் உடம்பு தன்னுடையது என்பதற்கு அது பெறும் முதல் பாடம். குளிப்பாட்டுவதிலும் இதே கவனம் வேண்டும்.

படி 3: அமைதியைக் கண்டு ஏமாறாதீர்கள்

முதல் சில வாரங்கள் பல பிள்ளைகள் தங்கமாக இருப்பார்கள். சொன்னதைக் கேட்பார்கள், அழமாட்டார்கள், கொடுத்ததைத் தின்பார்கள். "எவ்வளவு சமர்த்து, பழகிவிட்டது" என்று எல்லோரும் சொல்வார்கள்.

1950களில் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற மனநலச் சமூகப் பணியாளர், பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனைகளில் தங்கிய சின்னஞ்சிறு குழந்தைகளைக் கூர்ந்து கவனித்தார். முதலில் அழுது ஆர்ப்பரித்தார்கள். பிறகு சோர்ந்து ஒடுங்கினார்கள். அதன்பின் யாரிடமும் எதையும் எதிர்பார்க்காமல் ஒதுங்கினார்கள். இரண்டாம், மூன்றாம் நிலைகளைத்தான் செவிலியர்கள் "குழந்தை தேறிவிட்டது" என்று எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் அவரும் மனைவி ஜாய்ஸும், தாய் பிரசவத்துக்காக மருத்துவமனையில் இருந்த சில குழந்தைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பிரிவு அங்கேயும் இருந்தது. ஆனால் ஒரே ஆள் தொடர்ந்து கவனித்தது, தாயைப் பற்றிப் பேசியது, வீட்டுப் பழக்கங்களை மாற்றாமல் வைத்தது ஆகியவற்றால் அந்தக் குழந்தைகள் அவ்வளவு ஒடிந்துபோகவில்லை. வளர்ப்பு வீடு என்பதன் அடிப்படை வேலை என்ன என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறான தோற்றமும் உண்டு. பார்ப்பவர் மடியிலெல்லாம் ஏறி உட்கார்ந்து, அறிமுகமில்லாதவர் கையைப் பிடித்துக்கொண்டு போகத் தயாராக இருக்கும் பிள்ளை. "எல்லோரிடமும் எப்படி ஒட்டிக்கொள்கிறாள்!" என்று ஊர் பாராட்டும். யாரை நம்புவது என்று கற்க வாய்ப்பே கிடைக்காத பிள்ளை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு புகழ்பெற்றது. குடும்பத்துக்கு வந்தவர்கள் பலவகையில் தேறினார்கள். எவ்வளவு சீக்கிரம் வந்தார்களோ அவ்வளவு நன்றாகத் தேறினார்கள். ஆனால் அந்நியரிடம் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் மட்டும் எளிதில் விடவில்லை. ஆகவே முதல் சில மாதங்கள் ஊட்டுவது, தூங்கவைப்பது, அடிபட்டால் மருந்து போடுவது ஆகியவற்றை நீங்கள் ஒருவரோ இருவரோ மட்டும் செய்யுங்கள். விருந்தாளிகள் விளையாடட்டும், தேற்றும் வேலை உங்களுடையதாக இருக்கட்டும்.

படி 4: நாளுக்கு ஓர் ஒழுங்கு, சோற்றுக்கு ஓர் உறுதி, இரவுக்கு ஒரு துணை

அடுத்து என்ன நடக்கும் என்பது எப்போதும் தெரியாமலேயே வாழ்ந்த குழந்தைக்கு, ஒரே மாதிரி நடக்கும் நாள்தான் மருந்து. எழுவது, பல் துலக்குவது, பள்ளி, விளையாட்டு, சாப்பாடு, கதை, தூக்கம். சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரி. மாற்றம் இருந்தால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். நீங்கள் கடைக்குப் போவதானால்கூட, குழந்தை பார்க்காத நேரம் நழுவிப் போகாதீர்கள். "போய்விட்டு அரை மணியில் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி வாருங்கள். அழும் என்று பயந்து ஒளிந்து போவது நம் வீடுகளில் சாதாரணம். இந்தக் குழந்தையிடம் அது கூடாது.

சோற்று விஷயத்தில் பல பெற்றோர் திகைப்பார்கள். தலையணைக்கு அடியில் காய்ந்த இட்லி கிடைக்கும். சட்டைப் பையில் சர்க்கரை இருக்கும். வயிறு வெடிக்கும்வரை தின்று வாந்தி எடுக்கும் பிள்ளையும் உண்டு. இதைத் திருட்டு என்று நினைக்காதீர்கள். அடுத்த வேளை கிடைக்குமா என்ற பழைய பயம் அது. கைக்கு எட்டும் இடத்தில் ஒரு டப்பா வையுங்கள். வாழைப்பழம், பொரிகடலை, முறுக்கு என்று எப்போதும் அதில் ஏதாவது இருக்கட்டும், கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். டப்பா ஒருநாளும் காலியாக இருக்கக் கூடாது. பதுக்குவது மெதுவாகத்தான் குறையும். எக்காரணம் கொண்டும் "இன்றைக்குச் சாப்பாடு கிடையாது" என்பதைத் தண்டனையாகப் பயன்படுத்தாதீர்கள்.

இரவுதான் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவரும். பயம், கனவு, படுக்கையை நனைத்தல். ஏழு வயதுப் பிள்ளை மூன்று வயதுக் குழந்தைபோல விரல் சூப்பும், ஊட்டச் சொல்லும், தூக்கச் சொல்லும். ஊட்டுங்கள், தூக்குங்கள், முன்பு கிடைக்காததைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. படுக்கை நனைந்தால் ரப்பர் விரிப்பு போடுங்கள், மாற்றுத் துணியைப் பக்கத்திலேயே வையுங்கள், மறுநாள் காலை மற்றவர் முன்னால் அதைப் பற்றிப் பேசாதீர்கள். தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்றும் காரணமாக இருக்கலாம்.

யார் பக்கத்தில் படுக்கவைப்பது என்ற கேள்வி நம் வீடுகளில் வரும். எல்லோரும் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் ஏழு வயதுப் பிள்ளையைத் தனி அறையில் படுக்கவைப்பது கொடுமை. உங்கள் பாய்க்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், ஆனால் தனக்கென்று ஒரு பாயில் படுக்கட்டும். தாலாட்டு தெரிந்தால் பாடுங்கள். குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

படி 5: "அம்மா எப்போது வரும்?"

இந்தக் கேள்வி வரும். ராத்திரி வரும், பஸ்ஸில் போகும்போது வரும், விருந்தினர் முன்னால் வரும். பேச்சை மாற்றாதீர்கள். "வந்துவிடும், அழாதே" என்று தெரியாததை உறுதியாகச் சொல்லாதீர்கள். சொல்ல வேண்டியவை மூன்று: உண்மை, அது உன் தப்பு அல்ல என்பது, இப்போது உன்னை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. உன்னைப் பார்த்துக்கொள்ள இப்போது அம்மாவால் முடியவில்லை. அதற்கு நீ காரணம் இல்லை. பெரியவர்கள் சேர்ந்து என்ன செய்யலாம் என்று பார்க்கிறார்கள். எப்போது என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததும் உனக்குத்தான் முதலில் சொல்வேன். அதுவரை நான் இருக்கிறேன்." இந்த அளவு போதும். திரும்பத் திரும்பக் கேட்டால் திரும்பத் திரும்ப அதையே சொல்லுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் நடந்ததற்கெல்லாம் தாங்களே காரணம் என்று நம்பிவிடுவார்கள்: நான் பாலைக் கொட்டினேன், அதனால்தான் அப்பா அடித்தார், அதனால்தான் போலீஸ் வந்தது. அந்தக் கணக்கை ஒரே பேச்சில் அழிக்க முடியாது.

பெற்றவர்களைப் பற்றி இழிவாகப் பேசாதீர்கள், உங்களுக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும். தந்தை செய்தது தவறென்றால் "அடித்தது தப்பு" என்று செயலைச் சொல்லுங்கள். "உன் அப்பன் ஒரு குடிகாரன்" என்று ஆளைச் சொல்லாதீர்கள். பிள்ளை தன்னில் பாதி அவர்தான் என்று அறிந்தே இருக்கிறது.

குழந்தைக்கென்று ஒரு பெட்டி வையுங்கள். பழைய புகைப்படம், அம்மாவின் வளையல், முதல் பள்ளியின் அடையாள அட்டை, உங்கள் வீட்டில் வரைந்த படம், விழுந்த பல் எல்லாம் அதில் சேரட்டும். ஊர் ஊராக மாறிய பிள்ளைக்குத் தன் கதையைத் தொடர்ச்சியாகச் சொல்ல ஆள் இருக்காது. பெட்டி சொல்லும்.

மொட்டை அடிப்பது, காது குத்துவது, பெயரை மாற்றுவது, உங்கள் குலதெய்வக் கோயிலில் நேர்ந்துகொள்வது எதையும் உங்கள் விருப்பப்படி செய்யாதீர்கள். வேறு மதத்துப் பிள்ளையென்றால் அதன் பண்டிகை நாளை நீங்கள் நினைவில் வைத்திருங்கள். ரம்ஜானுக்கோ கிறிஸ்துமஸுக்கோ புதுச்சட்டை எடுப்பது பெரிய செலவில்லை. பண்டிகை நாள்களில் குழந்தை சிடுசிடுக்கும் என்பதையும் எதிர்பாருங்கள். தீபாவளி காலையில்தான் சொந்த வீடு அதிகம் நினைவுக்கு வரும்.

படி 6: கோபம் வெடிக்கும் நேரம்

அமைதியான வாரங்கள் முடிந்ததும் ஒருநாள் வெடிக்கும். தட்டு பறக்கும், கடிக்கும், "நீ என் அம்மா இல்லை" என்று கத்தும். பலர் இதைத் தோல்வி என்று எண்ணி அலுவலகத்துக்குப் போன் செய்வார்கள். எனக்கு இது நம்பிக்கை தரும் அறிகுறியாகவே படுகிறது: இங்கே கோபப்பட்டாலும் துரத்தமாட்டார்கள் என்று சோதித்துப் பார்க்கும் துணிவு வந்திருக்கிறது.

அந்த நேரத்தில் புத்தி சொல்வது காதில் விழாது. குரலைத் தாழ்த்துங்கள். நீங்கள் நின்றுகொண்டு இருந்தால் உட்காருங்கள். உடையும் பொருள்களையும் மற்றப் பிள்ளைகளையும் அகற்றுங்கள். "ரொம்பக் கோபமாக இருக்கிறாய். நான் இங்கேயே இருக்கிறேன்" என்பதற்கு மேல் பேச வேண்டாம். அடங்கிய பிறகு தண்ணீர் கொடுங்கள், ஏதாவது தின்னக் கொடுங்கள். பேசுவது அப்புறம், மறுநாளாகவும் இருக்கலாம். உடைத்ததைச் சேர்ந்து பெருக்குங்கள். விதி மாறக் கூடாது: கடிக்கக் கூடாது என்றால் கூடாதுதான். ஆனால் விதியை மீறினால் போவது விளையாட்டு நேரமாக இருக்கலாம், உங்கள் அன்பாகவோ வீட்டில் அதன் இடமாகவோ இருக்கக் கூடாது.

அடி முற்றிலும் கூடாது. "ஒரு தட்டுத் தட்டினால் என்ன, நாமெல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். நாம் நம் வீட்டில் அடி வாங்கினோம்; இந்தப் பிள்ளை அடியால் வீட்டையே இழந்திருக்கலாம்.

நம் வாயில் தன்னையறியாமல் வரும் சில மிரட்டல்களையும் அடியோடு நிறுத்த வேண்டும். "போலீஸில் பிடித்துக் கொடுத்துவிடுவேன்." "ஹாஸ்டலில் சேர்த்துவிடுவேன்." "பூச்சாண்டி தூக்கிக்கொண்டு போய்விடுவான்." மற்றப் பிள்ளைகளுக்கு இவை வேடிக்கைப் பேச்சு. இந்தக் குழந்தையை உண்மையாகவே போலீஸ் வந்து, உண்மையாகவே இல்லத்தில் சேர்த்திருக்கிறார்கள். "நன்றிகெட்ட பிள்ளை", "உன்னை எடுத்து வளர்க்கிறோமே" என்ற சொற்களும் அதே வகை. குழந்தை உங்களிடம் கடன் வாங்கவில்லை.

கோபத்தைக் கைகால்களால் கரைக்கும் வழிகள் உதவும். சப்பாத்தி மாவு பிசையச் சொல்லுங்கள், ஊஞ்சல் ஆட்டுங்கள், தண்ணீர்க் குடத்தை இருவரும் சேர்ந்து தூக்குங்கள், மண்ணில் விளையாட விடுங்கள். பொம்மைகளை வைத்துக்கொண்டு அப்பா அடிப்பதையும் போலீஸ் வருவதையும் பிள்ளை திரும்பத் திரும்ப நடித்தால் நிறுத்தாதீர்கள், திருத்தாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நட்சத்திர அட்டை, பரிசுப் புள்ளி போன்றவற்றில் எனக்கு நம்பிக்கை குறைவு. புள்ளி கிடைக்காத நாளில் "நான் கெட்டவன்" என்று முடிவுகட்டும் பிள்ளைகள் இவர்கள்.

படி 7: பெற்றவர் வந்து பார்க்கும் நாள்

தேதி உறுதியான பிறகே குழந்தையிடம் சொல்லுங்கள். சுவரில் தொங்கும் தினக் காலண்டரில் அந்தத் தாளை மடித்து வைத்து, தினமும் ஒரு தாளைக் கிழிக்கும் வேலையைக் குழந்தையிடமே கொடுங்கள். காத்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தால் தாங்க முடியும்.

சந்திப்பின்போது பெற்றவரை மரியாதையாக நடத்துங்கள். "பிள்ளை உங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரு வீடுகளையும் நேசிக்கலாம் என்ற அனுமதி குழந்தைக்குக் கிடைத்துவிடும். சந்திப்புக்குப் பின் இரண்டு மூன்று நாள் அழுகை, பிடிவாதம், நனைந்த படுக்கை எல்லாம் திரும்பும். "பார்த்தால்தானே இப்படி, பார்க்காமலே இருந்துவிடலாம்" என்று தோன்றும். பிரிந்தவரைப் பார்த்த மனம் கலங்குவது இயல்பு. அதை மட்டும் வைத்துச் சந்திப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள். அதேசமயம் குழந்தை அஞ்சி நடுங்கினாலோ, மிரட்டப்பட்டதாகத் தெரிந்தாலோ, தேதியோடு எழுதி நலக்குழுவிடம் கொடுங்கள். முடிவு அவர்களுடையது, தகவல் உங்களுடையது.

வருவதாகச் சொன்னவர் வராமல்போகும் நாள் மிகக் கொடியது. சாக்குச் சொல்லி மூடாதீர்கள். "அம்மா இன்றைக்கு வரவில்லை. உனக்கு எவ்வளவு வருத்தமாக இருக்கும்" என்று சொல்லி, அழவிட்டு, கூட இருங்கள்.

படி 8: பள்ளியும் தெருவும்

தலைமையாசிரியரிடமும் வகுப்பாசிரியரிடமும் தேவையானதை மட்டும் சொல்லுங்கள்: யார் வந்து அழைத்துச் செல்லலாம், எதைக் கண்டால் பயப்படும், கலங்கினால் யாரைக் கூப்பிட வேண்டும். "என் குடும்பம்" என்று படம் ஒட்டிவரச் சொல்லும் வீட்டுப்பாடம் வரும். முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள்.

"யார் வீட்டுப் பிள்ளை?" என்று தெரு கேட்கும். "எங்களோடு இருக்கிறான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி நடையைக் கட்டுங்கள். குழந்தைக்கும் இந்தப் பதிலைக் கற்றுக்கொடுங்கள். தன் கதையை யாருக்கும் சொல்லத் தேவையில்லை என்று அதற்குத் தெரிய வேண்டும். படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் முகநூலிலும் போடாதீர்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடைசெய்கிறது. ஆறு மாதம்வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

படி 9: எப்போது உதவி கேட்பது

தூக்கமும் சாப்பாடும் பல வாரங்களாகத் தேறவில்லை, தன்னையோ பிறரையோ விலங்குகளையோ காயப்படுத்துகிறது, செத்துப்போக வேண்டும் என்று பேசுகிறது, பேச்சையே நிறுத்திவிட்டது, வயதுக்குப் பொருந்தாத பாலியல் செய்கைகள் தெரிகின்றன. இவற்றில் எது இருந்தாலும் மந்திரிக்கவோ கயிறு கட்டவோ போய் நாளைக் கடத்தாமல், மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். சென்னையில் எழும்பூர் அரசுக் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. தொலைபேசியில் ஆலோசனை பெற 14416 என்ற டெலி மானஸ் எண் உண்டு. அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

பாலியல் வன்முறை நடந்ததாகக் குழந்தை சொன்னால், அதிர்ச்சியை முகத்தில் காட்டாமல் கேளுங்கள். "சொன்னது நல்லது. இது உன் தப்பு இல்லை" என்று மட்டும் சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தை சொன்ன சொற்களையே எழுதிவையுங்கள். போக்சோ சட்டம், 2012இன்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை.

உங்கள் மனமும் இதில் அடங்கும். நீங்களும் உங்கள் துணையும் இரவுகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். பொறுமை அறுந்துபோகிறது என்று தோன்றினால் மாத ஆய்வுக்கு வருபவரிடம் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று பூசி மெழுகாதீர்கள். உங்கள் சொந்தப் பிள்ளைக்குத் தினமும் சிறிது நேரமாவது தனியாகக் கொடுங்கள். பொறாமைப்பட்டால் திட்டாதீர்கள்.

படி 10: விடைகொடுப்பது

தேதி தெரிந்ததும் குழந்தைக்குச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் சொன்னால் அழுகை குறையும் என்பது பெரியவர்களின் வசதி. போகும் வீட்டுக்கு முன்பே சில முறை போய்வர ஏற்பாடு செய்யக் கேளுங்கள். மகிழ்ச்சியும் துக்கமும் கலந்து சண்டையாக வெளிவரும். பிரிய வசதியாக உங்களிடம் முறைத்துக்கொள்ளவும் கூடும்.

துணிமணிகளை நல்ல பையில் வைத்து அனுப்புங்கள், பிளாஸ்டிக் கவரில் வேண்டாம். பெட்டியும் கூடப் போக வேண்டும். நீங்கள் தெரிந்துகொண்டதை ஒரு தாளில் எழுதி அடுத்து வளர்ப்பவரிடம் கொடுங்கள்: ரசம் சாதம் என்றால் இரண்டு தட்டு சாப்பிடும், இடி இடித்தால் பயப்படும், கதை முடியுமுன் விளக்கை அணைக்கக் கூடாது. குழந்தை முன்னால் நீங்கள் அழலாம், அது தன்னை நேசித்தார்கள் என்பதற்குச் சாட்சி. ஆனால் உங்களைத் தேற்றும் வேலை குழந்தையின் தலையில் விழக்கூடாது. "அங்கே நீ சந்தோஷமாக இருந்தால் எனக்கும் சந்தோஷம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பின்னர் போனில் பேசலாமா, பிறந்தநாளுக்குப் போகலாமா என்பதை நலக்குழுவிடமும் பெற்றவரிடமும் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்தால் சொன்ன நாளில் தவறாமல் பேசுங்கள். அடுத்த குழந்தைக்காக அலுவலகத்திலிருந்து உடனே அழைப்பு வந்தால், உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பிரிவிலிருந்து தேறும்வரை கொஞ்சம் அவகாசம் கேளுங்கள்.